ஒரு நாள் லீவுக்கு நாற்பது பக்கத் தீர்ப்பு

சிட்னியில் நான் பார்த்த உத்தியோகத்தை என் சொந்தக்காரர்களுக்கு விளங்கப்படுத்த, ஓய்வு பெறும் நாள்வரை என்னால் முடியவில்லை. பென்டில் ஹில்லில் யாருடைய பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் இந்தச் சம்பாஷணை நடக்கும்.

“அன்ரி, நீங்கள் பொலிஸிலயோ வேலை?”

“இல்லை.”

“அப்ப லோயரோ?”

“முந்தி.”

“ஜட்ஜோ?”

“கிட்டத்தட்ட.”

“என்ன மாதிரிக் கேஸ்? கொலையோ?”

“பொலிஸ்காரரின்ர லீவு.”

இதற்குப் பிறகு கேட்டவர் மெதுவாகக் கட்லட் தட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

தொழில் தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் ஆணையம் ஒன்றில் நான் கமிஷனர். பொலிஸ் படையின் தலைவருக்கும் இங்கே கமிஷனர் என்றுதான் பெயர். இந்தப் பெயர் ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு என் கணவரின் சித்தி, நான்தான் மாநிலப் பொலிஸுக்கே தலைவி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதன்பின் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மாம்பழத்தோடு வேகத் தண்டச் சீட்டுகளையும் கொண்டுவந்தார்கள். மாம்பழத்தை வைத்துக்கொண்டு சீட்டைத் திருப்பிக் கொடுப்பேன். பெருமை பிடித்தவள் என்று பெயர் வந்தது.

என் வேலையை ஒரே ஒருவர்தான் அக்கறையாகக் கேட்டார். படகில் வந்து, தற்காலிக விசாவில் கோழித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த ரவி. பொலிஸ்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அது லீவுக்காக நிர்வாகத்தோடு சண்டை பிடிக்கிறது என்று நான் சொன்னதை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: “அப்ப அக்கா, அவை லீவில நிக்கேக்க ஆரையும் பிடிக்கமாட்டினமோ?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் நிவேதா. ஆணையத்தில் என்னிடம் உதவியாளராக இருந்த பெண். இப்போது பெரிய சட்ட நிறுவனமொன்றில் இருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் சொன்னாள்: “அன்ரி, நியூஸ் தெரியுமோ? லீவு ஒதுக்கிறதுக்குக் கைப்பேசி அப் ஒண்டு வந்திட்டுது. யூனியனும் ஓம் எண்டிட்டுது. இனிமேல் டிஸ்பியூட்டே வராதாம்.” இனிமேல் தகராறு வராது என்று யாராவது சொன்னால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். உத்தியோகத்தில் பாதி அப்படிச் சொன்னவர்களால்தான் ஓடியது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் சட்டம் படித்து, சிட்னிக்கு வந்து அதே சட்டத்தை மறுபடி படித்து, ஆணையத்தின் பதிவகத்தில் முத்திரை குத்தி, தொழிலாளர் வழக்குகள் பேசும் அலுவலகத்தில் கொஞ்சக் காலம் கத்தி, மீண்டும் ஆணையத்துக்கே வந்து சேர்ந்தேன். இது பலருக்கும் நடப்பதுதான். ஒரு பந்திக்கு மேல் தேவையில்லை.

என்னைப் பழக்கியவர் லென் கார்மடி என்ற மூத்த கமிஷனர். ரயில் பட்டறையில் பொருத்துநராகத் தொடங்கி, சங்கச் செயலாளராகி, அங்கிருந்து ஆணையத்துக்கு வந்தவர். விசாரணை தொடங்கியதும் மேசைக்குக் கீழே சப்பாத்தைக் கழற்றிவிடுவார். யார் எவ்வளவு படித்த சட்டத்தரணியாக இருந்தாலும், காலுறையோடு இருக்கும் ஒரு மனிதருக்கு முன்னால்தான் தன் வாதத்தை வைத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் உட்காரும் இடத்திலிருந்து பெருவிரல் ஓட்டை தெரியும்.

லென் ஆங்கிலத்தில்தான் பேசினார். இந்தக் கட்டுரையில் வரும் வெள்ளைக்காரர் எல்லாருமே அப்படித்தான். எனக்கு அவர்கள் குரல் என் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் வாயில் யாழ்ப்பாணம் வந்தால் குற்றம் என்னுடையது.

சமரசக் கூட்டத்தில் லென்னுக்கு ஒரு முறை இருந்தது. தீர்ப்பு என்ற கட்டத்துக்குப் போகுமுன் இரண்டு தரப்பையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பதுதான் சமரசக் கூட்டம். அங்கே யாரும் உடனே தங்கள் பக்கத்தைச் சொல்ல முடியாது. முதலில் மற்றப் பக்கத்தின் வாதத்தை, மற்றப் பக்கம் “ஓம், அதுதான் நாங்கள் சொல்லுறது” என்று ஒப்புக்கொள்ளும்வரை சொல்லவேண்டும். அதுவரை கோப்பி கிடையாது. சில தரப்புகள் மதியம்வரை கோப்பி குடிக்கவில்லை.

தீர்ப்பு எழுதுவதற்கும் அவர் எனக்கு ஒன்று சொன்னார். “தோத்தவனுக்குத் தான் தோத்தது முதல் பக்கத்திலயே தெரியவேணும். இருபதாம் பக்கம்வரைக்கும் நம்பவைச்சிட்டுக் கழுத்தறுக்கக் கூடாது, விளங்குதோ உமக்கு?” இதைச் சொல்லும்போது நண்டு வடிவத்தில் ஒரு பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

நான் அவருடைய உதவியாளராக இருந்தபோது வந்த ஒரு வழக்கைச் சொன்னால் ஆளை விளங்கும். மேற்கு சிட்னியில் ஒரு பொலிஸ் நிலையம். லீவுப் பட்டியலில் மூப்பு வரிசைப்படி ஆட்கள் பெயர் போடுவார்கள். நத்தார், புதுவருடக் கிழமைகளை மூத்தவர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இளையவர்களுக்கு மிஞ்சுவது குளிர்கால ஓகஸ்ட். ஆனால் சமய அனுட்டானத்துக்கு விதிவிலக்கு இருந்தது. சேர்பியக் குடும்பத்து ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவக் கான்ஸ்டபிள் ஒருவருக்கு ஜனவரியில் வரும் தங்கள் நத்தாருக்கு ஒவ்வொரு வருடமும் லீவு கிடைத்தது. ஒரு வருடம் அதே நிலையத்தில் இன்னும் மூன்று பேர் அந்தச் சமயத்தைத் தழுவியிருந்தார்கள். மூவரும் ஐரிஷ் பெயர்க்காரர்.

லென் மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். “நோன்பில என்ன சாப்பிடக் கூடாது?”

முதலாமவர், “இறைச்சி” என்றார். தப்பினார்.

இரண்டாமவர் நெடுநேரம் யோசித்து, “பீட்சா” என்றார்.

மூன்றாமவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எனக்குத் தெரியாது, கமிஷனர். என்ர மனிசி நேர்ஸ். அவளுக்கு அந்தக் கிழமைதான் லீவு. ரெண்டு வருஷமா நாங்கள் பகலில ஒரு மேசையில இருந்து சாப்பிட்டதில்லை.”

லென் அந்தத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிலையத்தில் இருந்த எல்லோருடைய பெயரையும் துண்டு துண்டாக எழுதவைத்து, அதே தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டன. முதல் குலுக்கலில் நிலையத்திலேயே மூத்த சார்ஜன்டுக்கு ஓகஸ்ட் வந்தது. அவர் மேன்முறையீடு செய்யலாமா என்று கேட்டார். “ஆரிட்ட? தொப்பியிட்டயோ?” என்றார் லென்.

நான் கமிஷனரானபின் தனியாகக் கேட்ட முதல் வழக்கு ஒரு குதிரை பற்றியது. குதிரைப் படைக் குதிரைகளுக்கு வருடத்தில் சில வாரம் புல்வெளியில் ஓய்வு உண்டு. தன் குதிரை ஓய்வில் நிற்கும்போதே தானும் லீவு எடுக்கவேண்டும் என்ற நிர்வாகத்தின் உத்தரவை ஒரு பெண் அதிகாரி எதிர்த்தார். “குதிரைக்கு எப்ப களைக்குதெண்டு மிருக வைத்தியர் வந்து பார்க்கிறார். எனக்கு எப்ப களைக்குதெண்டு ஆரும் பார்க்கிறேல்லை” என்றார். நான் தொழுவத்தை நேரில் பார்க்கப் போனேன். சம்பந்தப்பட்ட குதிரை என் கோப்பின்மீது தும்மியது. அந்தப் பக்கங்களை வெயிலில் காயவைத்துத்தான் தீர்ப்பு எழுதினேன். அதிகாரி வென்றார். குதிரை மேன்முறையீடு செய்யவில்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு காலம் போயிருக்கும். அப்போதுதான் வெய்னின் வழக்கு வந்தது. தகராறு ஒரே ஒரு நாள் லீவைப் பற்றியது.

வெய்ன் ஒரு சீனியர் கான்ஸ்டபிள். கோடையில் இரண்டு கிழமை லீவு எடுத்து, மனைவி கெரியோடும் ஒன்பது வயது மகள் மியாவோடும் தெற்குக் கரையில், தங்கும் வண்டிகள் நிற்கும் ஒரு கரவன் பூங்காவுக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் காலையில் மகளோடு கடலில் நின்றபோது, பக்கத்துப் பாறையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை அலை அடித்துக்கொண்டு போனது. வெய்ன் மகளைக் கரைக்கு ஓடச் சொல்லிவிட்டு நீந்திப் போய் அவரை இழுத்து வந்தார். மணலில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார், மூச்சு ஊதினார். அம்புலன்ஸ்காரர்கள் வந்து, போதும் என்று அவருடைய தோளைத் தொடும்வரை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பிழைக்கவில்லை. வியட்நாம்காரர். கரையில் அவருடைய மனைவி நின்றார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

வெய்ன் தன் கைப்பேசியில் பொலிஸ் கடமை அறைக்கு அறிவித்தார். உள்ளூர் நிலையத்தின் ஒரே கார் நெடுஞ்சாலையில் லொறி விபத்து ஒன்றில் நின்றது. கடமை அறையிலிருந்த சார்ஜன்ட், வெய்ன் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டபின், ஒரு வசனம் சொன்னார்: “யூ ரைட் டு ஸ்டே தெயர், மேட்?” அங்க நிண்டு பார்த்துக்கொள்ளுவாய்தானே என்று நாம் சொல்லலாம்.

வெய்ன் நின்றார். காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்துவரை நின்றார். நீச்சல் காற்சட்டையோடு. இறந்தவரின் உடலை மூட வேறெதுவும் இல்லாமல் மியாவின் படுக்கை விரிப்பைக் கொண்டுவரச் செய்தார். டொல்பின் படம் போட்டது. வெயில் ஏற ஏற, கடற்கரைக் குடையை உடலுக்கு மேலே நகர்த்தி நகர்த்திப் பிடித்தார். படம் எடுக்க வந்தவர்களைத் துரத்தினார். கெரி பிற்பகலில் மகளை ஏற்றிக்கொண்டு சிட்னிக்குத் திரும்பிவிட்டாள். அத்தோடு அந்தக் குடும்பத்தின் விடுமுறை முடிந்தது.

வேலைக்குத் திரும்பியபின், அந்த ஒரு நாளைத் தன் லீவில் கழிக்காமல் கடமை நாளாகக் கணக்கிடும்படி வெய்ன் படிவம் போட்டார். சில கிழமைகள் கழித்து ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, ஒரு பொலிஸ் அதிகாரியின் கடமையை முன்மாதிரியாக நிறைவேற்றியதற்குப் பாராட்டுப் பத்திரம். மற்றது, நீர் அன்று கடமையில் இருக்கவில்லை, உமது சொந்த விருப்பத்தின்பேரில் அங்கே நின்றீர், ஆகவே நாள் கிடையாது என்ற மறுப்பு. இரண்டிலும் ஒரே கையெழுத்து. அவற்றுக்குச் சான்று மூன்று, சான்று நான்கு என்று இலக்கமிட்டபோது என் முகத்தைக் கோப்பால் மறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சங்கத்துக்காக வந்தவர் ஷரன். சூயிங்கம் மென்றபடி வருவார். ஆணையத்தின் வாசலில் அதை எடுத்து எறிந்துவிட்டு, வெளியே போகும்போது புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்வார். நிர்வாகத்துக்காக வந்த சட்டத்தரணி அலிஸ்டர், மிக மரியாதையானவர். தலைமயிர் ஒன்றுகூட இடம் மாறாது. லென்னின் முறைப்படி மற்றவரின் வாதத்தைச் சொல்லச் சொன்னேன். அலிஸ்டர் சொன்னார்: “சீருடையில்லாமல் தெருவில சண்டை பிடிச்சால், நீ எப்பவும் பொலிஸ்காரன்தான் எண்டு தண்டிக்கிறம். லீவில நிண்டு ஒரு சவத்தைக் காத்தால் மட்டும், நீ பொலிஸ்காரன் இல்லை எண்டுறம். இதுதான் அவையின்ர வாதம்.”

ஷரன் எழும்பிவிட்டார். “நான் இதைவிட வடிவாச் சொல்லமாட்டன். முடிஞ்சுது, வீட்டை போவம்.”

முடியவில்லை. ஷரனும் மறுபக்கத்தை நேர்மையாகத்தான் சொன்னார்: லீவில் நிற்கும் ஆள் தானாகவே கடமையை ஆரம்பித்துக்கொள்ளலாம் என்றால், வீதியில் விபத்தைப் பார்த்து நிறுத்தும் ஒவ்வொருவருக்கும் நாள் கொடுக்கவேண்டும், பட்டியல் போடவே முடியாது. கடைசியில் அலிஸ்டர், எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல் சலுகையாக ஒரு நாள் தரலாம் என்றார். நல்ல சமரசம் என்று நினைத்தேன். மூலையிலிருந்த வெய்ன் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“எனக்கு நாள் வேண்டாம்” என்றார். “அந்தக் கடிதத்தில எழுதின சொல்லை எடுக்கச் சொல்லுங்கோ. என்ர விருப்பத்துக்கு நிண்டன் எண்டு எழுதியிருக்கினம்.”

அந்தச் சொல்லை எடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார் அலிஸ்டர். எடுத்தால் கொள்கையே போய்விடும். ஆகவே வழக்கு விசாரணைக்குப் போனது.

கடமை அறைத் தொலைபேசியின் ஒலிப்பதிவை மூன்று தடவை கேட்டோம். பின்னணியில் அலைச் சத்தம், ஒரு பெண்ணின் அழுகை, பிறகு அந்த வசனம். அது கேள்வியா, கட்டளையா? கட்டளை என்றால் வெய்ன் கடமைக்கு அழைக்கப்பட்டவர். கேள்வி என்றால் விரும்பி நின்றவர். வழக்கு முழுவதும் ஒரு கேள்விக்குறியில் தொங்கியது.

அலிஸ்டர் தொண்டையைச் செருமினார். “கமிஷனர், இது இந்த மண்ணின்ர பேச்சு வழக்கு. வேற பின்னணியில இருந்து வாற ஒருவருக்கு இதின்ர நெளிவு சுளிவு உடன பிடிபடாமல் போகலாம்.”

ஷரனின் வாய், சூயிங்கம் இல்லாமலே, மெல்வதை நிறுத்தியது.

எனக்குக் கோபம் வரவில்லை. என் மாமியார்தான் ஞாபகம் வந்தார். “தேத்தண்ணி போடுவீர்தானே, பிள்ளை?” என்று இருபது வருடம் கேட்டவர். அதை ஒரு கேள்வி என்று நினைத்து “இல்லை” என்று பதில் சொன்ன மருமகள் எங்கள் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் இதைத் தீர்ப்பில் சான்றாகப் போட முடியாது.

மதிய இடைவேளைக்கு எழும்பும்போது அலிஸ்டரிடம் சொன்னேன்: “ரெண்டு மணிக்கு வந்திடுவீங்கள்தானே?” அவர் இரண்டு நிமிடம் முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார்.

“நான் கேட்டதுக்கு நீங்கள் பதிலே சொல்லேல்லையே” என்றேன்.

“எதுக்கு, கமிஷனர்?”

“வருவீங்களோ எண்டு கேட்டன். மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம்.”

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அந்த மயிர் கலையாத மனிதர் சத்தம் போட்டுச் சிரித்தார். இதைப் பதிவில் சேர்க்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சேர்த்தேன்.

ஆனால் அவர் மோசமான சட்டத்தரணி அல்ல. அன்று பிற்பகல் வெய்ன் சாட்சிக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது, மிக மெல்லிய குரலில் கேட்டார்: “அந்தச் சார்ஜன்ட் ஒண்டுமே சொல்லாமல் போனை வைச்சிருந்தால், நீங்கள் போயிருப்பீங்களோ?”

ஷரன் கண்ணை மூடினார். நானும் பேனையைக் கீழே வைத்தேன். போயிருப்பேன் என்று ஒரு சொல் சொன்னால் வெய்ன் வென்றுவிடுவார். அது பொய் என்று யாராலும் நிரூபிக்கவும் முடியாது.

“இல்லை” என்றார் வெய்ன். “போயிருக்கமாட்டன்.”

“ஏன்?”

“அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. விடேல்லை.”

“அப்ப நீங்கள் சொந்த விருப்பத்திலதான் நிண்டிருக்கிறீங்கள்.”

வெய்ன் தன் கையைப் பார்த்தார். பெரிய கை. “இல்லை, சேர். விருப்பமெண்டால் நான் தண்ணிக்குள்ள என்ர பிள்ளையோட நிண்டிருப்பன். அவள் கரையில நிண்டு எல்லாத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளைப் போய்த் தூக்கவேணும் போல இருந்தது. ஏலேல்லை. அண்டையில இருந்து அவள் கடலுக்கை கால் வைக்கிறேல்லை.” பிறகு சொன்னார்: “அதை விருப்பமெண்டு எழுதாதேங்கோ.”

அலிஸ்டர் வேறு கேள்வி கேட்கவில்லை.

நான் நாற்பது பக்கம் எழுதினேன். மனமுவந்து செய்தாலும் கட்டளைப்படி செய்தது கட்டளைப்படி செய்ததுதான். மேலதிகாரி கேள்வி போலக் கேட்டால் அது கேள்வியாகிவிடாது. நிர்வாகம் அந்த நாளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், சொந்த விருப்பம் என்ற சொல்லைக் கோப்பிலிருந்து நீக்கவேண்டும். நிர்வாகம் தோற்றது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. மிச்சம் முப்பத்தொன்பது பக்கமும் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று காட்டுவதற்காக எழுதியவை. இதை இப்போது சொல்லலாம்.

நிர்வாகம் மேன்முறையீடு செய்தது. மூன்று பேர் கொண்ட அமர்வுக்கு ஒரு புதிய சட்டத்தரணி வந்தார். அவர் கேள்வி, கட்டளை என்ற பக்கமே போகவில்லை. லீவு பற்றிய அத்தியாயத்தை விட்டு, வெகு பின்னால் பதவிகள் பற்றிய அத்தியாயத்தில் இருந்த ஒரு சின்ன உட்பிரிவை எடுத்துக் காட்டினார்: லீவில் இருப்பவரைக் கடமைக்கு அழைக்கும் அதிகாரம் சுப்பரின்டென்டன்ட் பதவியில் உள்ளவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் மட்டுமே உண்டு. கடமை அறைச் சார்ஜன்ட் எப்படிக் கேட்டிருந்தாலும், மண்டியிட்டுக் கேட்டிருந்தாலும், கத்திக் கேட்டிருந்தாலும், அவருக்கு அந்த அதிகாரமே இல்லை.

அந்த உட்பிரிவை நான் வாசித்திருந்தேன். பல தடவை. கண்ணில் பட்டது, மூளையில் படவில்லை. ஷரனும் காணவில்லை, அலிஸ்டரும் காணவில்லை. ஆனால் காண்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். என் நாற்பது பக்கத்தை மேல் அமர்வு ஆறு பக்கத்தில் முடித்துவைத்தது. நாள் ரத்து. நீக்கிய சொல்லும் கோப்புக்குத் திரும்பிப் போனது.

ஓய்வில் இருந்த லென்னுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். “உம்மைப் பிழையெண்டு சொல்ல மூண்டு பேர் தேவைப்பட்டிருக்கு” என்றார். நான் சிரிக்காததைக் கவனித்துவிட்டு, “பிழைதான் விட்டிட்டீர். நானும் விட்டிருக்கிறன். நித்திரை வராது. கொஞ்ச நாளில வரும்” என்றார்.

எனக்கு வலித்தது தோற்றதல்ல. பிழை விட்ட எவரும் போய் மன்னிப்புக் கேட்கலாம். கமிஷனர் கேட்க முடியாது. வழக்காளியோடு தனியாகப் பேசுவது விதிக்கு விரோதம். வெய்னின் தொலைபேசி இலக்கம் கோப்பின் முதல் தாளில் இருந்தது. அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன்.

அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் ஷரன் இதை விடவில்லை. லீவில் நிற்கும் அதிகாரி ஒரு சம்பவ இடத்தில் நின்றால், மாற்று ஆள் வரும்வரை அது கடமை. யாரும் கட்டளையிடத் தேவையில்லை. ஒரே வசனம். நிர்வாகத்தின் பக்கத்தில் அதற்கு ஓம் என்று சொல்லவைத்தவர் அலிஸ்டர் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பொலிஸ்காரர்கள் இன்று அதை ‘வெய்ன் நாள்’ என்கிறார்கள். அது முன்தேதியிட்டு அமுலாகவில்லை. ஆகவே அந்தப் படையில் வெய்ன் நாள் கிடைக்காத ஆள் வெய்ன் ஒருவர்தான்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சனிக்கிழமை காலை பிளாக்டவுனுக்கு மரக்கறி வாங்கப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். வீதியில் பொலிஸ்காரர்கள் கார்களை ஓரங்கட்டி, மது அருந்தியிருக்கிறார்களா என்று மூச்சைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. கண்ணாடியை இறக்கினேன். பின் இருக்கையில் கருவாட்டுப் பொதி இருந்தது. குனிந்த அதிகாரி ஒரு கணம் பின்வாங்கினார். பிறகு மறுபடி குனிந்தார்.

“கமிஷனர்?”

வெய்ன். கொஞ்சம் நரைத்திருந்தார்.

“இப்ப கமிஷனர் இல்லை. சாந்தா” என்றேன்.

அவர் மூச்சுச் சோதனைக் கருவியை நீட்டினார். “இதுக்குள்ள ஒண்டிலயிருந்து பத்துவரைக்கும் எண்ணுங்கோ.”

எண்ணினேன். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எண்ணியதில்லை. கருவி பச்சை காட்டியது. அவர் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

“அந்த உட்பிரிவை நான் கண்டிருக்கவேணும், வெய்ன்” என்றேன். “என்ர பிழை. உங்களுக்கு அப்பவே சொல்லியிருக்கவேணும், விதி விடேல்லை.”

அவர் கருவியிலிருந்த குழாயைக் கழற்றிப் பைக்குள் போட்டார். “அந்த நாளை நான் எடுத்திட்டன், தெரியுமோ? அவை அப்பீல் போடமுந்தியே எடுத்திட்டன்.”

“தெரியாது. என்ன செய்தனீங்கள்?”

“மியாவை அதே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனனான். முதல் ரெண்டு மணித்தியாலம் காரை விட்டு இறங்கேல்லை. நானும் ஒண்டும் சொல்லேல்லை, பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தன். பிறகு தானா இறங்கி வந்தாள். முழங்கால்மட்டும் தண்ணிக்குள்ள நிண்டாள். அவ்வளவுதான். பிறகு சிப்ஸ் வாங்கித் திண்டிட்டு வந்திட்டம்.”

“அதைத்தானே பிறகு பறிச்சிட்டினம்.”

“அதையில்லை” என்றார் வெய்ன். “அடுத்த வருஷ லீவில ஒரு செவ்வாய்க்கிழமையைக் கழிச்சவை. அண்டைக்கு விடியவிலயிருந்து மழை.”

எனக்குப் பின்னால் நின்ற வான்காரர் ஹோர்ன் அடித்தார். வெய்ன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், ஹோர்ன் நின்றது. என் காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த வாகனத்தை முன்னே வரும்படி கை காட்டினார்.